உள்ளுக்கு ஆள் இருக்கு

சுவிஸின் ஊஸ்டர் நகரில் செல்வராணி குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தை முழுதாகத் திருத்தப் போகிறோம், எல்லோரும் வசந்தத்துக்குள் வெளியேற வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அறிவித்தபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. மேல்மாடியில் இருந்த எரித்திரியக் குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போனது. கீழ்வீட்டுக் கிழவரை மகள் வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போனாள். செல்வராணி வீடு தேடினாள். பார்க்கப் போன இடமெல்லாம் வாசலிலிருந்து படிக்கட்டுவரை ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இளம் சோடிகள், நல்ல சப்பாத்து, நல்ல ஜெர்மன். வயது போன, தனியாக இருக்கிற, சமையலறையில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண்ணிடம் வீட்டுக்காரர்கள் சிரித்துக் கதைத்தார்கள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

தனியாக இருக்கிறவள் என்பது அப்போது அவளுக்கே புதிது. கணவர் யோகராஜா காலமெல்லாம் உணவகச் சமையலறைகளில் நின்றவர். ஓய்வூதியம் வந்த கையோடு யாழ்ப்பாணம் போய், கோண்டாவிலில் ஆறு அறை வைத்து வீடு கட்டினார்.

"நான் முன்னுக்குப் போய் எல்லாத்தையும் சரிக்கட்டுறன். நீர் ஆறுதலா வாரும்" என்றார்.

செல்வராணி போகவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவளுடைய சகோதரங்கள் கனடாவில். தாய் தகப்பன் இல்லை. கோண்டாவிலில் இருப்பவர்கள் எல்லாம் அவருடைய ஆட்கள். அந்த ஆறு அறைக்குள் தான் எங்கே இருப்பது, விடிந்தால் என்ன செய்வது என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இங்கே என்றால் காலையில் எழும்பி, சப்பாத்துப் போட்டு, வேலைக்குப் போகலாம். அது அவளுக்குப் பிடிக்கும். வேலைக்குப் போகப் பிடிக்கும் என்று சொன்னால் யாருக்கும் விளங்காது என்பதால், கேட்டவர்களிடம் முழங்கால் வருத்தத்தைக் காரணமாகச் சொன்னாள்.

மகள் மிதுஷா பாசல் நகரில் ஒரு மருந்துக் கொம்பனியில் வேலை செய்தாள். "அம்மா, இஞ்ச வந்து இருங்கோ. ஒரு அறை சும்மாதானே கிடக்கு" என்று கூட்டிப் போனாள். அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. மருமகன் சுவிஸ்காரன், மரியாதையான பிள்ளை. ஆனால் செல்வராணி காலையில் தேத்தண்ணீர் போட எழும்பினால் அவர்களும் எழும்பி வந்து "எல்லாம் சரியோ?" என்று கேட்டார்கள். அதனால் அவர்கள் எழும்பும்வரை கட்டிலிலேயே கிடக்கப் பழகினாள். ஒரு நாள் அவள் மீன் பொரித்தபோது, மருமகன் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு யன்னலாகத் திறந்துவிட்டான். முகத்தில் கோபமே இல்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு மாதம் ஆகுமுன்பே பெட்டியைக் கட்டினாள்.

வேலைத் தளத்தில் கூடச் சமைத்தவனின் தகப்பன் ஒரு பழைய வோன்மொபிலை விற்க நின்றார். கட்டில், அடுப்பு, குளிக்கும் மூலை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வீட்டு வண்டி. சாரதி ஆசனத்துக்குமேல் நெற்றிபோல முன்தள்ளிய ஒரு படுக்கை. செல்வராணி அதன் சின்ன மேசையில் ஒரு நிமிடம் இருந்து பார்த்தாள். கையை நீட்டினால் அடுப்பு. மற்றக் கையை நீட்டினால் கட்டில். வீடு கிடைக்கும்வரை, ஒரு கோடைக்கு மட்டும் என்று சொல்லி வாங்கினாள். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதிக்கு ஆள் தேவை என்று அறிந்து, அந்த வேலையையும் எடுத்துக்கொண்டாள். பிரியென்ஸ் ஏரிக்கரையில், வருடம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு முகாம் திடலில் இடம் கிடைத்தது.

ஊஸ்டரிலிருந்து அவள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த நாளிலேயே முதல் அனர்த்தம் நடந்தது. புரூனிக் கணவாயின் வளைவுகளில் இறங்கும்போது பின்னால் படாரென்று ஒரு சத்தம். மேல் அலுமாரிக் கதவு திறந்து, கறித்தூள் போத்தல் விழுந்து உடைந்துவிட்டது. கனடாவிலிருந்து தங்கச்சி வறுத்து அனுப்பிய தூள். அடுத்த வளைவில் அது சிவப்புப் புகையாக எழும்பி முன்னுக்கு வந்தது. செல்வராணி இருமி, தும்மி, கண் தெரியாமல் ஒருவழியாகத் தெருவோரம் நிற்பாட்டி, கதவையெல்லாம் திறந்துவிட்டு வெளியே நின்றாள். அந்த வழியால் வந்த பொலிஸ் கார் ஒன்று நின்றது.

"ஏன் அழுகிறீர்கள்? யாராவது ஏதும் செய்தார்களா?" என்று இளம் பொலிஸ்காரன் கேட்டான்.

"நான் அழவில்லை. மிளகாய்" என்றாள் செல்வராணி.

அவன் நம்பாமல் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். வெளியே வந்து தொடர்ந்து தும்மினான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, வண்டி எடுக்க முன் எல்லா அலுமாரிக்கும் கொக்கி போட வேண்டும் அம்மணி என்றான். அவன் போனபின் அவள் தனியே நின்று சிரித்தாள். சிரித்து முடிந்ததும், இதை இப்போது யாருக்குச் சொல்வது என்று யோசித்தாள். மிதுஷா வேலையில் இருப்பாள். யோகராஜாவுக்குச் சொன்னால் "அதுதான் நான் அப்பவே சொன்னனான்" என்பார். துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

அந்தக் கோடை முழுவதும் ஏதாவது நடந்தது. வெளிப்படியை உள்ளே தள்ள மறந்து வண்டியை எடுத்து, திடலின் வாசல் கல்லில் இடித்தாள். தண்ணீர்க் குழாயைச் சரியாகப் பூட்டாமல் வேலைக்குப் போய், தாங்கி முழுவதும் வடிந்து போனது. சோற்றுப் பானையையும் மின் சூடாக்கியையும் ஒன்றாகப் போட்டால் அந்த வரிசைக்கே மின்சாரம் நின்றுவிடும். ஒரு குளிர் நாளில் இரண்டு தடவை அப்படி நடந்தபின், பக்கத்து வண்டியில் விடுமுறைக்கு வந்திருந்த ஜெர்மன்காரர் கதவில் தட்டி, "நீங்கள் உள்ளே என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "சோறு" என்றாள். அதன்பிறகு சோறு வேகும்வரை போர்வைக்குள் இருந்தாள். சோறு ஆனதும் சூடாக்கியைப் போட்டாள்.

எல்லாவற்றிலும் மோசமானது கழிவுப் பெட்டி. வண்டியின் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். நிறைந்ததும் வெளியே இழுத்து, அதன் சில்லில் உருட்டிக்கொண்டு போய், திடலின் மூலையில் ஊற்றிக் கழுவ வேண்டும். கைப்பிடியும் சில்லுமாகப் பார்க்க அது ஒரு பயணப் பெட்டி மாதிரியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதை உருட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையால் போனாள். எதிரே கலாவதி வந்தாள். ஊஸ்டரில் பக்கத்துத் தெரு, கோயிலில் ஒன்றாகப் பூக்கட்டியவள். இப்போது லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரருக்கு இன்டர்லாக்கன் காட்டிக்கொண்டிருந்தாள். பட்டுச் சேலையில் ஒரு மாமி, கறுப்புக் கண்ணாடியில் ஒரு மாமா.

"எட, செல்வராணி அக்கா! எங்க, பயணம் வெளிக்கிட்டாச்சோ?" என்றாள் கலாவதி, பெட்டியைப் பார்த்து.

"ஓம்… ஒரு சின்னப் பயணம்."

"குடுத்து வைச்ச சீவியம் அக்கா உங்களுக்கு. நாங்கள் அங்க ஊஸ்டரை விட்டு அசையேலாமல் கிடக்கிறம். எங்க, இத்தாலிக்கோ?"

"அந்தப் பக்கம்தான்."

"பெட்டி பாரம் போல கிடக்கு. இவரைப் பிடிக்கச் சொல்லட்டோ?" மாமா உடனே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம், வேண்டாம்! நான் பழகினனான்" என்று செல்வராணி பெட்டியைப் பின்னுக்கு இழுத்தாள். உள்ளே அது களக்கென்றது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தான் மறு பக்கம் போய் நின்று, மாமியின் பேரப்பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டாள். அவர்கள் போனபின் பெட்டியைத் திடலின் மூலைக்கு உருட்டிப் போனாள். அவள் வண்டி வாங்கியதையும் சேர்த்து, சில வாரத்தில் கதை ஊஸ்டரெல்லாம் பரவியது. செல்வராணி புருசனை ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டு வண்டியில் உலகம் சுற்றுகிறாளாம். கேள்விப்பட்டவர்கள் அவளைக் கோயில் திருவிழாவுக்கு அழைப்பதையும் விட்டுவிட்டார்கள். ஊரில் நிற்க மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

கோடை முடிந்து, இலையுதிர் காலமும் முடிந்தது. வீடு கிடைக்கவில்லை. உண்மையில் அவள் தேடுவதைக் குறைத்துவிட்டாள். விடுமுறைக்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குப் படங்கு போர்த்திக் கட்டிவிட்டு ஊர் போனார்கள். வரிசையில் ஒரு வண்டியில் மட்டும் வெளிச்சம். மழைக்காலத்தில் உள்ளே சுவரெல்லாம் வியர்த்தது. மெத்தைக்குக் கீழே பூஞ்சணம் பிடித்தது. நீல வாயுப் போத்தல் குளிரில் உறைந்து அடுப்பு அணைந்தபின்தான், பனிக்காலத்துக்கு வேறு வாயு வேண்டும் என்று அறிந்தாள். முன் கண்ணாடியைக் குளிர் தடுக்கும் வெள்ளி நிறப் பாயால் மூடினாள். யன்னல்களுக்கும் உள்ளிருந்து பாய் வைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற வண்டிகளுக்கும் அவளுடையதற்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

ஹோட்டலில் அவளோடு லூர்தேஸ் என்ற போர்த்துக்கல் பெண் வேலை செய்தாள். இரண்டு பேரும் பெரிய விரிப்பின் இரண்டு நுனியைப் பிடித்து, இழுத்து, நடந்து வந்து மடிப்பார்கள். நாள் முழுக்க இப்படி எதிரெதிரே நடந்து வந்து கை தொட்டுப் பிரிவார்கள். இருவரின் ஜெர்மனும் குறைவு. "கால்?" என்பாள் லூர்தேஸ். "நோகுது" என்பாள் செல்வராணி. "இடுப்பு?" "அதுவும் நோகுது." பல நாட்களில் அவளுடைய முழுப் பேச்சும் அவ்வளவுதான்.

தை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஹோட்டலுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மருந்தைக் குடித்துப் படுத்தாள். அன்று பின்னேரமே பனி கொட்டத் தொடங்கியது. பிறகு என்ன நடந்தது என்பது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. வேர்த்தது, குளிர்ந்தது, எழும்பித் தண்ணீர் குடித்தது. எப்போதோ ஒரு மெசின் வண்டியின் பக்கத்தில் உறுமி, வண்டி ஒருமுறை ஆடியது. ஹோட்டல் சலவை மெசின் சுற்றுவதாகக் கனவு கண்டாள்.

காய்ச்சல் விட்டுக் கண் விழித்தபோது மூச்சு புகையாகப் போனது. சூடாக்கி நின்றிருந்தது. விளக்கு எரியவில்லை. தொலைபேசி செத்துக் கிடந்தது. எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் தள்ளினாள். கதவுக்குப் பக்கத்து யன்னலின் பாயை எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக, ஒரு சுவர் மாதிரி, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பனி. மற்றப் பக்க யன்னலில் பகல் வெளிச்சம் தெரிந்தது. பனியைத் தள்ளும் மெசின் திடல் முழுவதிலுமிருந்த பனியை வழித்து அவளுடைய கதவுப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போயிருந்தது. போகும்போது மின்கம்பியையும் தூணிலிருந்து பிடுங்கிவிட்டது.

அவள் ஒரு சட்டியும் அகப்பையும் எடுத்து, வெளிச்சம் தெரிந்த பக்கத்துச் சுவரில் அடித்தாள். "ஆரும் நிக்கிறியளோ?" என்று கத்தினாள். கத்தியபின்தான், தமிழில் கத்துகிறோம் என்று உணர்ந்தாள். உதவிக்கு ஜெர்மனில் ஒரு சொல் உண்டு. அது அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒருதரமும் உரத்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தாள், வெட்கமாக இருந்தது. "ஹலோ" என்றாள். பிறகு இன்னும் பலமாக, "ஹலோ!" வெளியே ஒரு சத்தமும் இல்லை. பனி விழுந்த நாளில் காகம்கூடக் கத்துவதில்லை.

கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்தாள். பிறகு அடுப்பை மூட்டிப் பார்த்தாள். வாயு இருந்தது. நீலமாக எரிந்தது. ஒரு சட்டித் தண்ணீர் சுட வைத்தாள். சாரதிப் பக்கத்துக்குப் போக, நடுவில் கட்டியிருந்த தடித்த திரையை விலக்கி, ஆசனங்களில் அடுக்கி வைத்த பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குக் கடத்தினாள். காய்ச்சல் விட்ட உடம்பு. இரண்டு பெட்டிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். சாரதிக் கதவுப் பக்கம் பனி குவிந்திருக்கவில்லை. ஆனால் கதவு அதன் ரப்பரோடு உறைந்து ஒட்டியிருந்தது. துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்து, ரப்பர் ஓரம் முழுவதும் ஒத்தடம் கொடுத்தாள். பிள்ளைக்குச் சளிக்கு ஒத்தடம் கொடுப்பதுபோலக் கொடுத்தாள். பிறகு ஆசனத்தில் மல்லாந்து, இரண்டு காலையும் கதவில் வைத்து உதைத்தாள். மூன்றாவதோ நாலாவதோ உதையில் அது கிழிகிற சத்தத்தோடு திறந்தது. இரவுச் சட்டையும் கம்பளி மேற்சட்டையுமாக முழங்காலளவு பனிக்குள் விழுந்தாள்.

எழும்பி நின்று பார்த்தாள். ஏரி சாம்பல் நிறமாகக் கிடந்தது. ஒருத்தரும் இல்லை. யாராவது நின்றிருந்தால் அழுதிருப்பாள்.

திடலின் அலுவலக அறையில் ஊர்ஸ் என்ற அறுபது வயதுக்காரர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமான பொறுப்பாளர் விடுமுறையில் போனதால் அவருக்குப் பதிலாகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். இரவுச் சட்டையோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து எழும்பினார்.

"என்னுடைய கதவுக்குமேல் பனி" என்றாள் செல்வராணி.

எந்த வண்டி என்று அவள் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "உள்ளே ஆளில்லை என்று நினைத்தேன். அந்த வரிசை முழுக்க வெறும் வண்டி என்று நினைத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளைக் கதிரையில் இருத்தி, தன்னுடைய மேலங்கியைப் போர்த்தி, தன்னுடைய சூப்பையே கொடுத்துவிட்டு, பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு ஓடினார். அவள் யன்னலால் பார்த்தாள். அந்த மனிதர் மெசினைத் தொடாமல், கையாலேயே, முதுகு வளைய அந்தப் பனிமலையை வெட்டி எறிந்தார்.

மின்சாரம் வந்து, வண்டி சூடாகி, தொலைபேசியும் உயிர்த்தது. செல்வராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அவள் இந்த உலகத்தில் இல்லை. ஹோட்டலிலிருந்து அடுத்த கிழமை வேலை நேரம் வந்திருந்தது. யோகராஜா புதுத் தண்ணீர்த் தொட்டியின் படம் அனுப்பியிருந்தார், நாலு பக்கத்தாலும் எடுத்து. மிதுஷா பழைய படம் ஒன்றுக்கு இதயம் போட்டிருந்தாள். எங்கே, என்ன, ஏன் பேசவில்லை என்று ஒரு சொல்லும் இல்லை. அவர்களில் பிழை சொல்ல முடியாது. அவள்தானே எல்லோரிடமும் "எனக்கென்ன, நான் நல்லாயிருக்கிறன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

தொட்டியின் படத்துக்கு "வடிவாயிருக்கு" என்று பதில் எழுதினாள். நடந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆனால் ஊர்ஸால் அதை மறக்க முடியவில்லை. ஆள் இருக்கிற வண்டி என்பதற்கு அடையாளமாக, அதன் முன்னால் சிவப்புப் பட்டி சுற்றிய தடி ஒன்றை நட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி சடைபோலப் பின்னிச் சுட்ட பாணைக் கொண்டுவந்து படியில் வைப்பார். மாசியில் ஒரு ஞாயிறு, மிதுஷா தாயைப் பார்க்க வந்திருந்தபோதும் பாணோடு வந்தார். வந்தவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்டார். அவள் சுவிஸ் ஜெர்மனில் என்னவென்று விசாரிக்க, அவர் முழுவதையும் சொன்னார். செல்வராணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர்ஸ் போனபின் மிதுஷா பாணை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள், "இது எப்ப நடந்தது?"

"போன மாசம்."

"போன மாசமோ? நான் அதுக்குப் பிறகு உங்களோட எத்தினை தரம் கதைச்சிட்டன்! என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டன், நீங்கள் புட்டு எண்டு சொன்னனீங்கள்!"

"புட்டுத்தான் சாப்பிட்டனான்."

"அம்மா!" மிதுஷா எழும்பிய வேகத்தில் மேல் படுக்கையின் விளிம்பில் தலையை இடித்துக்கொண்டாள். வலியாலும் கோபத்தாலும் அழுதாள். செல்வராணி ஈரத் துவாயை எடுத்து அவளுடைய தலையில் வைத்தாள்.

"உங்களுக்கு ஏதும் நடந்திருந்தா எனக்கு ஆர் சொல்லியிருப்பினம்? இந்த மனிசன் கூடத் தெரியாமல்தானே இருந்தவர். வாங்கோ, இண்டைக்கே வாங்கோ என்னோட."

"வர மாட்டன் பிள்ளை."

"ஏன்? நாங்கள் உங்களுக்கு என்ன குறை வைச்சனாங்கள்?"

"ஒரு குறையும் இல்லை. அதுதான் கஷ்டம்" என்றாள் செல்வராணி. மகளின் முகத்தைப் பார்த்து, மெதுவாக விளங்கப்படுத்தினாள். "உங்கட வீட்டில நான் விருந்தாளி. அப்பான்ர வீட்டில நான் அப்பான்ர மனிசி. அப்பா போனாப்பிறகு ஊஸ்டர் வீட்டில தனிய இருந்தனான். அது நாலு அறை. ஒவ்வொரு அறையாப் போய்த் தனிய இருக்கோணும். இஞ்ச ஒரு அறைதான்."

மிதுஷாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. "இது ஒரு கதையோ அம்மா?" என்றாள்.

"எனக்குப் பயம் இல்லையெண்டு சொல்லேல்லை. அண்டைக்குப் பயந்தனான். வெளியில வந்து பாத்தா ஒருத்தரும் இல்லை, அதுதான் இன்னும் பயமாயிருந்தது. ஆனா அதுக்காக உன்ர வீட்டில வந்து கட்டிலில முழிச்சுக்கொண்டு கிடக்க என்னால ஏலாது."

அன்று மிதுஷா பாசல் போகவில்லை. மேல் படுக்கையில் ஏறிப் படுத்தாள். அடுத்த நாளும் நின்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியாத இடைவெளியில், ஒருவர் சமைக்க மற்றவர் கட்டிலில் கால் மடக்கி இருக்க வேண்டும். மகள் நீண்ட நேரம் குளித்து, தண்ணீர் நடுவில் நின்றுபோய், தலை நிறைய நுரையோடு "அம்மா!" என்று கூப்பிட்டாள். செல்வராணி கேத்தலில் சுடுதண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவிவிட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு மகளின் தலையை அவள் தொட்டுக் கழுவியது அன்றுதான். தலைமயிர் எவ்வளவு குறைந்துவிட்டது என்று பார்த்தாள். முப்பத்தொரு வயது. அவளுக்கும் ஏதோ கவலைகள் இருக்கும். கேட்டால் "நல்லாயிருக்கிறன்" என்பாள். இந்தப் பழக்கத்தை அவள் எங்கே படித்தாள் என்று செல்வராணிக்குத் தெரியும்.

போகும்போது மிதுஷா ஒரு கட்டளை போட்டாள். ஒவ்வொரு காலையும் தான் ட்ராமில் ஏறினதும் தொலைபேசி எடுப்பேன், அம்மா கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். சொன்னபடி எடுத்தாள். "எழும்பிட்டியளோ?" "எழும்பிட்டன்." "கதவு திறக்குதோ?" "திறக்குது." இரண்டு பேரும் சிரிப்பார்கள். பனி உருகி, வசந்தம் வந்தது. ட்ராமில் சனம் அதிகம், கதைக்க முடியவில்லை என்று மகள் எழுதியே அனுப்பத் தொடங்கினாள். பிறகு ஒரு இதயம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இதயம். செல்வராணி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இதயம் வராத நாட்களில் தானே ஒன்றை அனுப்பினாள்.

ஊஸ்டர்க் கட்டடம் திருத்தி முடிந்தது. பழைய குடியிருப்பாளர்களில் விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். அவள் போய்ப் பார்த்தாள். சமையலறையில் ஒரு கருங்கல் மேடை, குளியலறையில் ஓயாமல் ஓடும் சுடுதண்ணீர். குழாயைத் திறந்து, கையை நனைத்து, நெடுநேரம் நின்றாள். அது ஒன்றுக்காகவே சம்மதிக்கலாம் போல இருந்தது. பிறகு குழாயைப் பூட்டினாள். காட்ட வந்த இளைஞனுக்கு நன்றி சொன்னாள். கலாவதியின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் அங்கே போனால் இத்தாலியைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்து, நேரே ரயிலேறி இன்டர்லாக்கன் வந்துவிட்டாள்.

அந்தக் கோடையில் முதல்முறையாக அவள் வண்டியைச் சும்மா ஓட்டிப் போனாள். வேலையில்லாத நாட்களில் மலைப்பாதையில் ஏறி, வாகனம் நிறுத்த விட்டிருந்த ஒரு புல்வெளியில் போய் நிற்பாள். சாப்பாடு கட்டிப் போவாள். மலையைப் பார்ப்பாள். பார்ப்பதற்கு அவ்வளவாக ஒன்றும் இல்லை, மலை மாறுவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் திரும்பி இருப்பது அவளுக்குப் பிடித்தது.

ஆடியில் ஒருநாள் அப்படி நின்றபோது, பின்னேரம் திடீரென்று வானம் கறுத்து ஆலங்கட்டி மழை கொட்டியது. தகரக் கூரையில் கல் எறிவது போலச் சத்தம். யன்னலால் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்திருந்த ஒரு வெள்ளைக்காரச் சோடியின் கூடாரத்தைக் காற்று பிடுங்கி உருட்டியது. அவன் அதன் பின்னால் ஓடினான். அந்தப் பெண் தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். செல்வராணி கதவைத் திறந்து, "வாங்கோ! வாங்கோ!" என்று கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். அவர்களுக்கு விளங்கியது.

உள்ளே இருவரும் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள். நெடிய ஆட்கள். தலையைக் குனிந்துகொண்டு, எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றவர்களை அவள் கட்டிலில் இருத்தி, துவாய் கொடுத்தாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணீர் வைத்தாள். ஒல்லாந்துக்காரர்கள், ஆங்கிலமும் கொஞ்சம் ஜெர்மனும் கதைத்தார்கள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் இருமினான், ஆனால் இன்னும் கேட்டான். காலையில் சுட்ட ரொட்டியும் சம்பலும் இருந்தது. வைத்தாள். அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டு, விரலையும் சூப்பினாள். மழைச் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்காதபோதெல்லாம் சிரித்தார்கள். செல்வராணி, புரூனிக் கணவாயில் கறித்தூள் கொட்டிய கதையைச் சொன்னாள். பொலிஸ்காரன் தும்மியதை நடித்துக் காட்டினாள். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கதையை அவள் முழுதாகச் சொன்னது அதுதான் முதல்தரம்.

மழை விட்டதும் அவர்கள் கூடாரத்தின் துண்டுகளைப் பொறுக்கி, அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்று, கீழே போகும் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள். செல்வராணி ஈரத் துவாய்களைக் கண்ணாடிக்குக் குறுக்கே காயப் போட்டாள். கட்டிலில் அவர்கள் இருந்த இடம் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் காயட்டும் என்று அன்று மற்ற ஓரத்தில் படுத்தாள்.

மறுநாள் ஹோட்டலில் லூர்தேஸும் அவளும் விரிப்பின் நுனிகளைப் பிடித்து நின்றபோது லூர்தேஸ் கேட்டாள், "லீவு எப்படி? நல்லதா?"

"நல்லது. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள்" என்றாள் செல்வராணி.

"ஓ! யார்? மகளா?"

"இல்லை. வேறு ஆட்கள்." விரிப்பை இழுத்து, நடந்து வந்து, நுனியை லூர்தேஸின் கையில் வைத்தாள். "பெயர் கேட்க மறந்துவிட்டேன்."

லூர்தேஸ் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.